பச்சை அட்டை காணவில்லை

பஸ்ஸில் பாட்டு நின்றுபோனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

காலை ஐந்தேகால் மணி கம்பெனி பஸ் அது. ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி, வல்லக்கோட்டையில் என்னை ஏற்றிக்கொண்டு, பிறகு உள்சாலைகளில் ஊர் ஊராகச் சுற்றி, ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடும். நேர்வழியில் போனால் இருபது நிமிடம்கூட ஆகாது. இது முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

டிரைவர் கஜேந்திரன் அண்ணனிடம் இரண்டே கேசட்டுகள். ஒன்று சாமி பாட்டு, இன்னொன்று சினிமாப் பாட்டு. சாமி ஒரு பக்கம் முடிந்ததும் சினிமா, சினிமா முடிந்ததும் சாமி. ஒரு வருஷமாக இதே வரிசை. எந்தப் பாட்டு வரும்போது எந்த வேகத்தடை வரும் என்பதுகூட எங்களுக்கு மனப்பாடம்.

அன்று ஒரு காதல் பாட்டின் நடுவில் பிளேயர் நாடாவைத் தின்றுவிட்டது. பாடகர் திடீரென்று கிணற்றுக்குள் விழுந்ததுபோல் குரல் இழுபட்டு நின்றது. அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேசட்டைப் பிடுங்கினார். பழுப்பு நாடா முழ நீளத்துக்கு வெளியே தொங்கியது.

"போச்சுடா. கொடலையே உருவிக்கினு வந்துட்ச்சு!"

ஐம்பது பெண்கள் இருந்த பஸ்ஸில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். பாதிப் பேர் தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மூக்கும் தொண்டையும் கலந்த, அப்படியே ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வருகிற குரல்.

"ஓர் அறிவிப்பு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்திருக்கும் திரு. கஜேந்திரன் அவர்களே, திரு. கஜேந்திரன் அவர்களே! உங்கள் பாட்டு வழிதவறி, விழா மேடை அருகே அழுதுகொண்டு நிற்கிறது. எங்கிருந்தாலும் உடனே வந்து அழைத்துச் செல்லுமாறு விழாக் கமிட்டியார் சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம். ஓர் அறிவிப்பு..."

பஸ் சிரித்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக ஒன்றாகப் போய் வந்தும் நாங்கள் சேர்ந்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அன்று தூங்கியவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள்.

அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "யாரும்மா அது மைக் செட்டு?"

கடைசி வரிசையில் ஆறு தலைகள். ஆறும் துப்பட்டாவுக்குள் பக்தியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு மட்டும் மண்டைக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. கேசட் போடுகிற பெட்டி இருக்கிறது. கேட்பதற்கு ஐம்பது பேர், முக்கால் மணி நேரம், இறங்கிப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுகிற குரலும் இருக்கிறது. பிறகு எதற்கு அந்தப் பழைய காதல் பாட்டு?

என் முந்தைய தோல்விகள்

"அதுக்குள்ள இன்னாடி நெனப்பு எழுதற? உனக்கு வயசு இன்னா, அறுபதா?" என்று இந்தத் தொடரைப் பார்த்து அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்வி. நடந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. ஆனால் நான் சீக்கிரம் மறக்கிறவள். அதனால் சீக்கிரம் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்சி. கணிதம். எங்கள் ஊர்க் குடும்பங்களில் முன்பு நெல் போட்டவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் தொழிற்சாலைக்குள் போய்க்கொண்டிருந்த காலம். நானும் போனேன். கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற தொழிற்சாலை. எனக்கு, முடிந்த கட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. நீலக் கோட்டு, உட்கார ஒரு ஸ்டூல்.

வேலையைவிட என் கவனம் வேறு விஷயங்களில் இருந்தது. போன வாரம் பஸ் நூலகம் பற்றிச் சொன்னேன். இருபது புத்தகங்களைச் சீட்டுக்கு மேல் கம்பியில் அடுக்கினேன். மூன்றாம் நாள் எல்லாம் தலையணையாகிவிட்டன. அதற்கு முன்னால் ஒரு கையெழுத்துப் பத்திரிகை. எட்டுப் பக்கத்தில் ஏழு பக்கம் நானே எழுதினேன்.

அதற்கும் முன்னால், கல்லூரியில் வீதி நாடகம். நாங்கள் பன்னிரண்டு பேர் கறுப்பு ஜிப்பா போட்டுக்கொண்டு ஒரு செங்கல் சூளைக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களின் துன்பத்தை அவர்களுக்கே நடித்துக் காட்டினோம். நான்தான் கூலித் தொழிலாளி. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். முடிந்ததும் கல் அறுக்கிற ஒரு அம்மா வந்து, "நல்லா அழுத பாப்பா. ஆனா கல்ல அப்பிடித் தூக்கினா இடுப்பு போய்டும்" என்று சொல்லிவிட்டு, எப்படித் தூக்க வேண்டும் என்று தூக்கியும் காட்டினார். அவர் தூக்கிக் காட்டிய அந்த அரை நிமிடம்தான் அன்றைய நாடகத்திலேயே நல்ல காட்சி. எனக்கு அது அப்போது புரியவில்லை. புரியப் பல நாள் ஆயிற்று.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

இசக்கி

குரலுக்குச் சொந்தக்காரியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பெயர் இசக்கியம்மாள். பத்தொன்பது வயது. கயத்தாறு பக்கம். மூன்றாம் லைனில் பயிற்சித் தொழிலாளி. தெற்கேயிருந்து வந்த மற்ற ஐந்து பெண்களோடு, எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு வாடகை அறையில் இருந்தாள்.

லைனில் அவளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் தெரியாது. தலையில் தொப்பி, வாயில் துணி. முப்பத்திரண்டு பேருக்கும் கண்கள் மட்டும்தான்.

"ஏட்டி, மாட்டிக்கிட்டியா?" என்று அவள் அறைத் தோழி ஜெயா சிரித்தாள்.

"எங்க அண்ணன் ஊர்ல மைக் செட் வச்சிருக்கான்க்கா" என்றாள் இசக்கி. "கோயில் கொடைத் திருவிழான்னா அவன்தான் அறிவிப்பு. அவனுக்குத் தொண்டை கட்டுனா நான் சொல்லுவேன். பொம்பளப் பிள்ளை மைக்ல பேசக் கூடாதும்பாவ. அதனால திரைக்குப் பின்னால ஒக்காந்து அவன் குரல்லயே பேசுவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"உன் குரல்ல பேசினா இன்னா?"

"என் குரல் எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனேன். வீட்டில் கிடந்த பழைய கேசட் ஒன்று. அதன் முதுகில் இருந்த ஓட்டைகளைச் செல்லோடேப் போட்டு அடைத்தால் மேலேயே பதியலாம். ஃபேன் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தினோம். ஏழு பேரும் வியர்வையில் நனைந்தோம்.

"பஸ்ல போடலாம். உங்களுக்கு இன்னா தோணுதோ பேசுங்க" என்று பட்டனை அமுக்கினேன்.

முதலில் ஜெயா. விறைப்பாக எழுந்து நின்றாள். "குட் மார்னிங். டோக்கன் நம்பர் நாலு ஒண்ணு ஏழு. லைன் மூணு. ஸ்டேஷன் ஒன்பது." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவளும் எழுந்து அதே மாதிரி. ஆறு பேரில் ஒருத்திகூடத் தன் பெயரைச் சொல்லவில்லை. தினமும் ஷிப்ட் தொடங்கும்போது வரிசையில் நின்று சொல்கிற பாடம் அது. மைக்கைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது.

திரும்பப் போட்டுக் கேட்டபோது அவர்களுக்கே சிரிப்பு. "ஏட்டி, நீ செத்தாக்கூட டோக்கன் நம்பர்தான் சொல்லுவே!" அந்தச் சிரிப்பில்தான் பேச்சு வந்தது. எலி கடித்த சேலை, வீட்டுக்காரம்மா வாசல் கேட்டுக்குப் போடும் பூட்டு, ஊரில் மழையா இல்லையா, ரசத்தில் யார் இரண்டு தடவை உப்புப் போட்டது. நடுநடுவே இசக்கியின் கொடை அறிவிப்புகள். அரை மணி நேரம் ஓடியதே தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் போட்டோம். கஜேந்திரன் அண்ணன் முதலில், "இன்னாம்மா இது, பாட்டு வரல, பொண்ணுங்க பேசிக்கினு கீது?" என்றார். இரண்டாம் நாள் அவரே சத்தத்தைக் கூட்டினார். மூன்றாம் வாரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள், "தெக்கத்திப் பொண்ணுங்கதான் பேசணுமா, நாங்க ஊமையா?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நான்காவது ஞாயிறு. பதிவு முடிந்து உட்கார்ந்திருந்தோம். இசக்கி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். திரும்ப மொண்டு இன்னொரு சொம்பு.

"இன்னா தாகம் இது!" என்றேன்.

"ஞாயித்துக்கிழமைதான்க்கா நான் தண்ணி குடிப்பேன்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். லைனில் ஆளுயரப் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். அவரவர் இடத்தில் நின்று வயரைப் பதித்துக் கட்ட வேண்டும். ஒருத்தி நகர்ந்தால் அவள் இடத்தில் நிற்க ஒரு மாற்று ஆள் வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு மாற்று ஆள். அதனால் கழிப்பறைக்குப் போகவும் ஒரே ஒரு பச்சை அட்டை. அது சூபர்வைசர் மேஜைமேல் இருக்கும். அவரிடம் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்ப வந்து கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு பெண்களுக்கு ஓர் அட்டை.

"அதக் கழுத்துல மாட்டிக்கிட்டு அம்புட்டு லைனையும் தாண்டிப் போகணும். எல்லாரும் பாப்பாவ. திரும்பி வந்தா அடுத்தவ கையை நீட்டிட்டு நிப்பா. வேண்டாம்னுட்டுத் தண்ணியே குடிக்கதில்ல."

இரண்டு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டிருந்தது. தண்ணீர் குடிக்காததால்தான், இப்படியே போனால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று டாக்டரம்மா திட்டியிருக்கிறார். பயிற்சிக் காலத்தில் ஏற்கெனவே இரண்டு நீண்ட லீவு. இன்னொரு காய்ச்சல் வந்தால் வேலை நிரந்தரமாகாது. ஊருக்குப் போக வேண்டும். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் காத்திருந்தது. எட்டாவது படிக்கும்போது லீவு நாளெல்லாம் அங்கே உட்கார்ந்து குச்சி அடுக்கியவள் அவள். "அங்க மட்டும் திரும்பிப் போக மாட்டேன்க்கா" என்றாள். பயிற்சி முடிய அப்போது ஆறு வாரம் இருந்தது.

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நீலக் கோட்டுக்காரிகளுக்கு அட்டை கிடையாது. எழுந்து போய் வருவோம். ஒரு வருஷம் அதே கூரையின் கீழ் இருந்தும் அந்தப் பச்சை அட்டையை நான் ஏதோ பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சூபர்வைசர்ட்ட சொல்லலாமே?"

"எப்பிடிச் சொல்ல? ஆம்பள. எங்க அப்பா மாதிரி மீசை வேற!"

சூபர்வைசர் தனபால் சார் சேலத்துக்காரர். கெட்டவர் இல்லை. எங்கள் பஸ்ஸிலேயே முதல் சீட்டில் உட்கார்ந்து வருவார். ஜன்னல் பக்கம் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கேசட்டைக் கேட்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாதபடி.

நான் சும்மா இருப்பேனா? அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். 'மனித மாண்பு' என்ற சொல் அதில் நான்கு தடவை வந்தது. இசக்கியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடக் கட்டுரைபோல் இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நான் வாசிச்சா நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டுத் திருநெல்வேலி வண்டி ஏறணும்."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு தொண்டையைச் செருமி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். நான் பாய்ந்து பட்டனை அமுக்கினேன்.

"ஓர் அறிவிப்பு. பச்சை அட்டை என்பவரைக் காலை ஆறு மணியிலிருந்து காணவில்லை. உயரம் ஒரு சாண். கழுத்தில் கயிறு கட்டியிருப்பார். பேச மாட்டார். அவரைத் தேடி முப்பத்திரண்டு பெண்கள் விழா மேடை அருகே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அன்னார் தண்ணீர்ப் பந்தல் பக்கம் போகவில்லை. அங்கே போகவே எல்லாரும் பயப்படுகிறார்கள். பச்சை அட்டை அவர்களே! உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு உடனடியாக வரவும். அவசரம். மிக அவசரம். விழாக் கமிட்டியாருக்கே அவசரம்!"

ஜெயா தரையில் உருண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது எல்லாருக்கும்.

வேறு பஸ்

இனி நான் செய்த தப்பு.

நாளைக்கே போடலாமா என்று இசக்கியிடம் நான் கேட்கவே இல்லை. இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது, போடாமல் இருப்பார்களா என்ற நினைப்பு. திங்கட்கிழமை வல்லக்கோட்டையில் ஏறியதும் கேசட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். "தனபால் சார் ஏறினதும் போடலாம்ணே" என்றேன். அவர் ஏறும் நிறுத்தம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது.

அடுத்த ஊரில் இசக்கி ஏறினாள். நேராக என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, அந்த அறிவிப்பப் போடாதிய. என் குரல்னு எல்லாருக்கும் தெரியும். ஆறு வாரம்தான இருக்கு. நான் சமாளிச்சுக்கிடுதேன்."

எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். ஆனாலும் எழுந்து போய், "அண்ணே, இன்னிக்கு வாணாம்" என்றேன். "சரிம்மா" என்றார். அன்று பஸ் ஊமையாகவே போயிற்று. இறங்கும்போது பஞ்ச் அடிக்க ஓடுகிற அவசரத்தில் கேசட்டைத் திரும்ப வாங்க மறந்தேன்.

எங்கள் கம்பெனி பஸ் என்று நாங்கள் சொல்வோமே தவிர, அது ஒப்பந்த பஸ். எங்களை இறக்கிவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் வருகிற இன்னொரு கம்பெனிப் பெண்களை ஏற்றி அவர்கள் வாசலில் விடும். கஜேந்திரன் அண்ணனுக்கு ஊமை பஸ் பிடிக்காது. சினிமாக் கேசட் செத்துப்போய்விட்டது, சாமி கேசட் அவருக்கே அலுத்துவிட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டார். நான் வேண்டாம் என்றது எங்கள் பஸ்ஸுக்குத்தானே என்று நினைத்தாராம்.

மதியம் ஷிப்ட் முடிந்து ஏறினால் கேசட் இல்லை.

"அத்தயா கேக்கற? அந்தப் பொண்ணுங்க மூணு வாட்டி போட சொல்லிக் கேட்டாங்கோ. அப்பால, குடுண்ணே, கேட்டுட்டுக் குடுக்கறோம்னு வாங்கிக்கினு போய்ட்டாங்கோ. இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?"

இசக்கியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேண்டாம்னு சொன்னேம்லா" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தும்மினால் நாலு கம்பெனிக்குக் கேட்கும். யார் அறையில் யாருக்கு அக்கா தங்கை இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? 'கேட்டாச்சா, கண்டுபிடிச்சாச்சா' என்று தினமும் தனபால் சாரின் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ஜெயா வந்து சொன்னாள்: "துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கா. அவங்க சொல்லுதுக்கு முந்தி நானே போயிருதேன்னு சொல்லுதா."

என் வாழ்க்கையில் அதற்கு முன் ஐந்து நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நான் இருந்ததில்லை.

மறுபக்கம்

சனிக்கிழமை அண்ணன் கேசட்டைக் கொடுத்தார். "மறுபக்கம் போட்டுக் கேளும்மா, உங்களுக்குத்தான்னு சொல்லிக் குடுத்தாங்கோ."

மறுபக்கத்தில் நாங்கள் எதுவும் பதிந்திருக்கவில்லை. எனக்கு உடனே கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டேப் ரெக்கார்டரோடு போய், அவர்கள் அறை வாசலில் நின்று, "இது உனக்கு வந்தது. நான் இன்னும் கேக்கல. வாணாம்னா எடுத்துக்கினு போய்டறேன்" என்றேன்.

இசக்கி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

முதலில் ரயில் சத்தம். ஸ்டேஷனிலேயே பதிந்திருக்கிறார்கள். பிறகு ஒரு குரல், மதுரைப் பக்கம்: "யக்கா, நாங்க வேற கம்பெனி. பேரு சொல்ல மாட்டோம், நீங்களும் சொல்லல. உங்க பச்சை அட்டைய எங்க கம்பெனில நல்லாத் தேடிப் பாத்துட்டோம், இங்கிட்டு வரல. ஆனா அவருக்கு ஒரு தங்கச்சி இங்க இருக்கா. நீல அட்டை. அவளும் அடிக்கடி காணாமப் போயிர்றா." பின்னால் சிரிப்பு. இன்னொரு குரல், விழுப்புரம் பக்கத்துப் பேச்சு: "எங்களுக்கு அட்டைகூடப் பரவால்ல. போய்ட்டு வர நேரத்த நோட்டுல எழுதணும். சார் வாட்ச்சப் பாப்பாரு." மறுபடி முதல் குரல்: "அறிவிப்பு சொன்ன அக்கா யாருன்னு தெரியல. நெசமாவே கொடையில கேட்ட மாதிரியே இருந்துச்சு. எனக்கு ஊரு ஞாபகம் வந்து அழுதுட்டேன். இன்னும் சொல்லுங்கக்கா."

பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, யாரோ சொல்லிக்கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு: "ஓர் அறிவிப்பு!"

அவ்வளவுதான். ரயில் வந்துவிட்டது.

இசக்கி மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

"நாளைக்குப் போடுங்க. ரெண்டு பக்கமும்."

"நிஜமாவா?"

"போடுங்கங்கேன்."

"பயமா இல்லியா?"

"இருக்கு. பயமாத்தான் இருக்கு. அதுக்காவ?" ஜெயாவைப் பார்த்தாள். "நான் ஒருத்திதான்னு நெனச்சேன்ட்டி. அங்கயும் வாட்ச்சப் பாத்துட்டு நிக்கானாம்."

நான் திரும்பவும் கேட்டேன். மறுநாள் அவள் பஸ்ஸில் ஏறியதும் இன்னொரு தடவை கேட்டேன். "செல்வியக்கா, போடுதியளா, நான் போய்ப் போடவா?" என்றாள்.

முதல் சீட்டு

தனபால் சார் ஏறி, வழக்கம்போல் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினார். கேசட் ஓடியது. பச்சை அட்டை வந்ததும் பஸ் முதலில் சிரிக்கவில்லை. எல்லாரும் முதல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலை அசையவில்லை. 'ஒரு காலை மாற்றி ஒரு காலில்' என்ற இடத்தில் யாரோ ஒருத்திக்கு அடக்க முடியாமல் வெடித்தது. பிறகு பஸ் முழுக்க.

மறுபக்கம் ஓடும்போது அவர் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்ததைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது.

வாசலில் இறங்கியதும் அவர் நின்றார். எல்லாரும் நின்றோம்.

"யாரு அந்த அறிவிப்பு?"

நான் வாயைத் திறந்தேன். எல்லாம் என் ஏற்பாடு சார் என்று சொல்ல நினைத்தேன். இசக்கி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு முன்னால் வந்தாள். முகத்தில் துணி இல்லை. இன்னும் உள்ளே போகவில்லையே.

"நான்தான் சார். இசக்கியம்மாள்."

அவர் அவளைப் பார்த்தார். மூன்றாம் லைனில் இருக்கிற பெண்தான் என்று அவருக்கு உடனே தெரியவில்லை. டோக்கன் அட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்கள்ட்ட எப்பிடி சார் சொல்ல?"

அவர் மீசையைத் தடவினார். கேட்டைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். "ஒரே ஒரு மாத்து ஆளை வச்சுக்கிட்டு நானும் என்னம்மா பண்றது..." என்று தனக்கே சொல்வதுபோல் சொல்லிவிட்டு, "போங்க, பஞ்ச் டைம் ஆச்சு" என்று நடந்தார்.

அன்று எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. இசக்கி மடித்த துணியை மடித்தபடியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள், அட்டை அவர் மேஜையில் இல்லை. லைன் கடைசியில் தூணில் ஓர் ஆணி. ஆணியில் இரண்டு பச்சை அட்டைகள். யாரிடமும் கேட்க வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டாவது ஆளுக்குப் பதில் டீம் லீடர் நிற்பார். டீம் லீடர் இல்லாத நேரத்தில் தனபால் சாரே பலகையில் நின்றார். அவருக்கு வயர் சுற்றத் தெரியவில்லை என்பதும், நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளைப் பதித்துவிட்டார் என்பதும் அடுத்த வாரக் கேசட்டில் தலைப்புச் செய்தி. அதையும் அவர் ஜன்னலில் சாய்ந்தபடி கேட்டார்.

பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மற்ற லைன்களில் ஓர் அட்டைதான் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதும் அப்படியேதான். ஆனால் அந்த வாரம் பஸ்ஸில் இசக்கி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, வியாழக்கிழமை காலையில், எல்லாரும் பார்க்கத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு எனக்கும் நீட்டினாள். காய்ச்சல் வரவில்லை. பயிற்சி முடிந்ததும் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டாள்.

நோட்டு வேண்டாம்

கேசட் அதற்குள் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டது. கஜேந்திரன் அண்ணன்தான் தபால்காரர். "என்னிய நம்பித்தான் ரெண்டு கம்பெனி ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக வந்ததில் அந்த மதுரைக் குரல் கேட்டது: "நேர்ல எப்ப பாக்கலாம்? நோட்டுல நேரம் எழுதுறத எங்க சார்ட்டச் சொல்லணும். எங்களுக்கு மைக் பேச்சு வராது. சொல்லித் தாங்க."

இரண்டு கம்பெனிப் பெண்களும் ஒரே இடத்தில், ஒரே கேசட்டில், இந்தத் தடவை பெயரோடு. அன்றே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதலில் யார், பிறகு யார், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்று கோடு போட்டு எழுதினேன். இசக்கிக்கு நான்கு அறிவிப்புகளும் எழுதி வைத்தேன். எனக்கே பிடித்திருந்தன.

பஸ்ஸில் அவளிடம் காட்டினேன். பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.

"கையெழுத்து அழகா இருக்குக்கா."

"அதவுடு. எழுதினது எப்பிடி கீது?"

"நான் வாரேன். ஜெயா வருவா. உங்க ஊரு பிள்ளைகளும் வரட்டும். ஆனா ஒண்ணு." நோட்டை மூடி என் மடியில் வைத்தாள். "எழுதிக் குடுக்காதிய. அங்க வந்து என்ன வருதோ அதச் சொல்லுதோம். தப்பா வந்தாலும் எங்க தப்பு. நீங்க அந்தப் பட்டன மட்டும் அமுக்குங்க. எப்ப அமுக்கணும்னு நான் சொல்லுதேன்."

எனக்கு ரோஷம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "சரி" என்றேன்.

அடுத்த ஞாயிறு, காலைப் பத்து மணி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன், இரண்டாம் பிளாட்பாரத்தில் மரத்தடி பெஞ்சு. புது பேட்டரி நான்கு போட்டாயிற்று. எத்தனை பேர் வருவார்கள், என்ன பேசுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.